தோழியின் எலும்பில் நான் செய்த சோதனை

என் தோழியின் காலை நான் சோதனைப் பொருளாகப் பயன்படுத்தினேன். அவளுக்குத் தெரியாமல்... ஐந்து வாரங்கள்.

இதைவிட மென்மையாகச் சொல்லும் வழிகளைப் பட்டியலிட்டுப் பார்த்துவிட்டேன். 'கவனக்குறைவு' என்று எழுதினேன். 'சொல்லத் தவறிவிட்டேன்' என்று எழுதினேன். 'எனக்கும் அப்போது தெரியாது' என்றும் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றும் பொய்.

எனக்குத் தெரியும். தெரிந்துகொள்வதுதான் என் தொழிலே! கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் நான் பொறியாளர். இரும்புத் துண்டுகளை உடைப்பது என் வேலை. ஒரே வார்ப்பில் பிறந்த இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின்மேல் ஓயாமல் முழுச்சுமை ஏற்றி இறக்குவோம்; இன்னொன்றுக்குக் குறைந்த சுமை. எது, எப்போது, எங்கே விரிசல் விடுகிறது என்று குறித்து வைப்போம்.

மாலினியும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அவள் ஊர் பந்திங். இங்கே ஒரு புடைவைக் கடையில் வேலை. போம்பாவில், அதாவது தீயணைப்புப் படையில், சேர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. உடற்தகுதித் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். தவறினால் அவ்வளவுதான், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயது கடந்திருக்கும்.

ஓடக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒரே கடையில், ஒரே தள்ளுபடியில், ஒரே மாதிரி காலணி வாங்கினோம். அதே ஏரிப் பூங்கா, அதே பாதை. எடையில்கூட எங்களுக்குள் ஒரு கிலோதான் வித்தியாசம்.

வலியும் ஒரே வாரத்தில் வந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு கடுப்பு. இருவருக்கும் இடது காலில்!

ஒரே மாதிரி இரண்டு துண்டுகள்... அந்த எண்ணம் எப்போது முளைத்தது என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நாள் நினைவில்லை. வந்ததும் உடம்பில் ஓடிய சிலிர்ப்பு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அன்றுமுதல் நான் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன். "நான் சாயங்காலம் கிள்ளான்ல ஓடிக்கிறேன், நீ காலையில ஓடு" என்று அவளிடம் சொன்னேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடினேன்; மற்ற மாலைகளில் அலுவலகச் சமையலறையில் உட்கார்ந்து, காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு தேநீர் குடித்தேன்.

"உனக்கும் சாக்கிட்டா இருக்காடி?" என்று கேட்பாள், வலிக்கும் காலைத் தேய்த்தபடி. வலியை அவள் 'சாக்கிட்' என்றுதான் சொல்வாள்.

"இருக்கு."

"அப்புறம் எப்படி ஓடுற?"

"ஓடுறேன்ல!"

"சரி லா, நீ ஓடினா நானும் ஓடுறேன். என்ஜினியர் சொன்னா தப்பாவா போகும்?"

வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் கேட்டு, கணினியில் ஓர் அட்டவணையில் ஏற்றினேன். அவளுக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு பத்தி. என் பத்தியை அவள் பார்த்ததில்லை. எண் சொல்வது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது.

"இன்னைக்கு ஆறு. இல்ல, ஆறரை போட்டுக்கோ. அந்த அரை உனக்கு லஞ்சம்."

சிரித்தேன். ஆறரை என்று எழுதினேன்.

எட்டைத் தொட்டால் நிறுத்தச் சொல்லிவிடுவது என்று எனக்குள் ஒரு வரம்பு வைத்திருந்தேன். எட்டைத் தொட்டது. ஒன்பது ஆகட்டும் என்று வரம்பை மாற்றினேன். தொழிற்சாலையில் சோதனையின் நடுவே வரம்பை மாற்றினால் என் வேலை போய்விடும்!

ஐந்தாவது வாரம் ஒருநாள், அவள் காலை என் மடியில் வைத்து எலும்பு நெடுக விரலால் அழுத்திப் பார்த்தேன். வலி பரவலாக இருந்தால் தசையும் சவ்வும் நொந்திருக்கலாம். ஒரே புள்ளியில் குத்தினால் எலும்பையே சந்தேகிக்க வேண்டும். இதை நான் முன்பே படித்திருந்தேன். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் என் விரல் பட்டதும் துள்ளினாள்.

"எருமை! அங்கேயே அழுத்துற!"

ஒரு விரல் அகலம். ஒரே புள்ளி.

தொழிற்சாலையில் விரிசலைத் தேடும்போது, இரும்பில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளைப் பொடி தூவுவோம்; பொடிக்கு மேலே சிவப்புக் கோடாக விரிசல் எழும்பி வரும். அதைக் காணும்போது எனக்குள் ஓர் ஆனந்தம் பொங்கும். அதே ஆனந்தம்தான் அப்போதும் வந்தது. நீங்கள் நம்பமாட்டீர்கள்... நான் மகிழ்ந்தேன்!

"தசைதான்," என்றேன்.

அவள்மேல் எனக்குப் பொறாமையா? தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. பகையா? அவளுக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுத்துக் கஞ்சி வைத்தவள் நான். அறிய வேண்டும் என்ற ஆவல், அவ்வளவுதான். அதை நல்ல குணம் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்?

தேர்வு நாளன்று வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். மூன்றாவது சுற்றில் அவள் நடை கோணியது. பிறகு திடலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. உள்ளங்கையால் புல்லை அடித்துக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் அவளைக் கடந்து ஓடினார்கள்.

எலும்பில் விரிசல் என்றார் மருத்துவர். "எத்தனை நாளா வலி?"

"இவளைக் கேளுங்க டாக்டர். எல்லாம் எழுதி வச்சிருக்கா," என்றாள் மாலினி பெருமையாக.

"முப்பத்தேழு நாள்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு கவனமா எழுதினவங்க, ஓய்வெடுன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

எனக்கு முன்னால் மாலினி முந்திக்கொண்டாள். "அவளுக்கும்தான் வலி டாக்டர். பாவம், அவளும் ஓடிக்கிட்டேதான் இருந்தா."

என் கால் வலி தீர்ந்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

இயன்முறை சிகிச்சையாளரிடம் காட்ட அந்த அட்டவணை வேண்டுமென்று பிறகு கேட்டாள். அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் என் பத்தியை அழித்தேன். அந்த ஒரு பத்தியைப் பார்த்திருந்தால் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும்!

இப்போது அவள் பந்திங்கில் அம்மா வீட்டில் இருக்கிறாள். போம்பாவைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்றுக் காலை, ரயிலுக்காக நான் நின்றுகொண்டிருந்தபோது செய்தி அனுப்பினாள்:

"நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா அவரு என்ன சொன்னாலும் சரி, நீ ஓடலாம்னு சொன்னாத்தான்டி ஓடுவேன்."

படித்தவுடன் எனக்குள் முதலில் எழுந்தது துக்கமா? இல்லை. ஒட்டிய எலும்பு மறுபடி விரிந்தால் அதே இடத்தில் விரியுமா, வேறிடத்திலா என்ற கேள்வி... அதுதான் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பின்னால் வந்தது.

நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் பதில் எழுதவில்லை. அவள் காத்திருக்கிறாள்.