என் பெயரில் திறந்திருந்த கோப்பு

மராத்தி பேசும் ஹடப்சர் பகுதியில் எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தன. கூடத்தில் இருந்ததை அண்ணியும் என் அறையில் இருந்ததை நானும் பயன்படுத்தினோம். பட்டம் பெற்ற புதிதில், இரண்டையும் கேபிளால் இணைத்துப் பொதுவான ஒரு ஃபோல்டரை அமைத்தவன் நானே. அதில் முக்கியமானது ஓர் எக்செல் கோப்பு: அவசரத்துக்கு இரத்தம் கொடுக்க முன்வந்த, அப்பகுதித் தமிழர்களின் பட்டியல்.

அந்தக் கோப்பு அடிக்கடி சேமிக்க மறுத்தது. வேறொருவர் திறந்து வைத்திருப்பதால் படிக்க மட்டுமே முடியும் என்று செய்தி வரும். திறந்தவர் யாரென்று பார்த்தால் என் பெயரே இருக்கும். மின்சாரம் போனபோது சரியாக மூடப்படாத என் பழைய வேலைதான் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தேன். வேறு பெயரில் சேமித்துவிட்டு, பூட்டு விலகியதும் பழையதை அழித்து, புதியதற்கு அதே பெயரை இடுவேன்.

ஒரு சனிக்கிழமையும் அப்படியே செய்தேன். அன்று காலை தொழிற்சாலை ஊழியர் ஒருவர் அண்ணிக்குப் போன் செய்திருந்தார். தமக்குக் காசநோய்ச் சிகிச்சை நடக்கிறது, வேலையிடத்தில் தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள், இப்போதைக்குத் தம்மை அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணத்தை எழுதாமல், ‘அழைக்க வேண்டாம்’ என்று மட்டும் அவர் பெயருக்கு எதிரே அண்ணி குறித்துச் சேமித்தார். நான் அழித்தது அந்தக் குறிப்பு இருந்த கோப்பைத்தான்.

அடுத்த வாரம் ஒரு குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்காக, பட்டியலில் இருந்த எண்ணுக்கு, அதாவது அந்த ஊழியரின் தொழிற்சாலைக்கே, போன் செய்தேன். உடன் வேலை செய்யும் இருவரோடு மருத்துவமனைக்கு வந்தார். அவர்கள் படிவம் நிரப்பும் நேரத்தில் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

“அக்காகிட்ட சொன்னேனே சார். நீங்க ஆபீசுக்கே போன் பண்ணிட்டீங்க. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் ‘சலோ, சலோ, கிளம்பு’ன்னுட்டாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தணிந்த குரலில் நோயைச் சொன்ன பிறகே விளங்கியது. அதற்குள் உள்ளிருந்து நண்பர்கள் கூப்பிட்டார்கள்.

“அரே, ஊசியப் பாத்து பயந்துட்டியா?”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார். “ஆமாண்டா, பயம்தான். நீங்களே குடுங்க.”

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். இரண்டு கணினிகளையும் திறந்து பார்த்தோம். எக்செலை நிறுவியபோது இரண்டிலும் என் பெயரையே கொடுத்திருந்தேன். பூட்டியிருந்தது என் பழைய வேலை அல்ல. கூடத்தில் அண்ணி உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்திருக்கிறார்.

“ஏன் தம்பி, நான் தட்டினாலும் நீங்க தட்டினதாத்தான் காட்டுமா? பத்தடி நடந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?”

அன்றே கூடத்துக் கணினியில் அண்ணியின் பெயரை இட்டேன். அந்த ஊழியரிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் தொழிற்சாலையில் அவருக்குக் கிடைத்துவிட்ட பெயரை என்னால் மாற்ற முடியவில்லை. சில மாதங்கள் கழித்து அதே நண்பர்கள் இரத்தம் கொடுக்க வந்தபோது, “எங்க பயந்தாங்கொள்ளியக் கூப்பிடலையா சார்?” என்று கேட்டார்கள். மறுத்துப் பேச வாயெடுத்தேன். அவர் காக்க விரும்பியது எதுவென்று நினைவு வந்தது. “இல்லை” என்று மட்டும் சொன்னேன்.