நடுப்புல்லில் இறங்கியவன்

நம்பினால் நம்புங்கள், ரத்னா பொய் சொல்கிறவள் அல்ல. அவளுக்கு இது நடந்தது 1967 சித்திரையில். பொன்னேரியைத் தாண்டி இருக்கும் அந்த ஊரின் பெயர் மட்டும் வேண்டாம்.

ஊர் நடுவில் பூங்கா. அதைச் சுற்றிப் பதிவு அலுவலகம், நூலகம், தபால் ஆபீஸ்... எல்லாமே புதுக் கட்டடங்கள். ரத்னாவின் கணவன் பூவராகவன் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுகூட இன்னும் நிறம் மங்கவில்லை. மதியமானால் கேரியரோடு பூங்கா பெஞ்சில் வந்து காத்திருப்பாள்.

ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. நடுவே அவ்வளவு பெரிய புல்வெளி. ஊர்க்காரர் ஒருவரும் அதில் கால் வைப்பதில்லை. எத்தனை அவசரமானாலும் ஓரமாகவே சுற்றிப் போனார்கள்.

அன்று பூவராகவனுக்கு நல்ல பசி. ஆபீஸ் வாசலிலிருந்து நேராகப் புல்லில் இறங்கினான்.

"சார்! ஓரமா சுத்தி வா சார்!" காவல்காரர் முனுசாமி கத்தினார்.

"இன்னா முனுசாமி, புல்லு தேஞ்சிடுமா?" சிரித்துக்கொண்டே நடந்தான்.

பாதி தூரத்தில் நடை தளர்ந்தது. கைகளை அகல வீசினான். விளையாடுகிறான் என்றே ரத்னா நினைத்தாள்.

"போதும், வாங்க! சோறு ஆறிடப் போவுது!"

அவன் முகத்தை வானத்தைப் பார்த்து உயர்த்தினான்...

வாய் திறந்தது. குரல் வரவில்லை.

களக்... களக்...

அவள் ஓடினாள். காலடியில் காய்ந்த புல் சரசரத்தது. தரை கட்டாந்தரை.

அவன் விழுந்து கிடந்தான். கண்கள் அவளையே பார்த்தன. மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. தோளைப் பிடித்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை.

"யாராச்சும் வாங்களேன்! தூக்குங்களேன்!"

ஊரே கூடியிருந்தது. ஓரத்தில்.

ஒருவரும் இறங்கவில்லை.

முனுசாமி ஒரு தாம்புக்கயிற்றை வீசினார். "புடிச்சிக்கம்மா! நீயாவது மேல வந்துடு!"

அவள் கயிற்றைத் தொடவில்லை. அவன் கையைத்தான் பிடித்திருந்தாள்.

அது மெல்லத் தளர்ந்தது...

கயிற்றைக் கட்டி ஓரத்துக்கு இழுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் கேட்டார். "எந்தக் குளத்துல விழுந்தாரு?"

"குளமா? பூங்காவுல, டாக்டர்."

உள்ளூர் நர்ஸ் சம்பூர்ணம் தலை குனிந்துகொண்டாள். "குளத்த மண்ணு கொட்டித் தூத்துத்தாம்மா அந்தப் பூங்காவயே போட்டாங்க. பத்து வருசமாச்சு."

டாக்டர் ஒரு பீங்கான் தட்டை நீட்டினார். பூவராகவனின் தொண்டையிலிருந்து எடுத்தது.

விரல் நீள அயிரை மீன்.

இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.