அத்தை கொண்டுவந்த டிவி

தெள்ளாரிலிருந்து அத்தை டிவியோடு வந்து இறங்கிய அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த டிவி அது. போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கன்னம் வீங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நான் டிவியைப் பார்த்தேன்.

எங்கள் பழைய டிவி புகைந்துபோனதிலிருந்து கேபிள் ஒயர் ஜன்னல் கம்பியில் சும்மா சுருண்டு கிடந்தது. எடுத்துச் செருகினால் படம் வந்துவிடும். அத்தை விடவில்லை. சுற்றிய போர்வையைக்கூடப் பிரிக்காமல் டிவியைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"யாரும் தொடக் கூடாது, சொல்ட்டேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கார்ட்டூன் கதை பேசுகிறவர்கள் நடுவே நான் மட்டும் வாயடைத்து நிற்பேன். வீட்டுக்கு வந்தால் போர்வை மூட்டை. சரியான கஞ்சம் என்று அவளை மனதுக்குள் திட்டினேன். என்மேல் ஏதோ கோபத்தில்தான் இப்படி மூடி வைத்திருக்கிறாள் என்றும் தோன்றியது. சாப்பிடும்போது அவள் பக்கத்தில் உட்காரவே மாட்டேன்.

அப்பாவுக்கும் அவள்மேல் கோபம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு தெள்ளாருக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். தறியில் உட்கார்ந்தபடியே கத்துவார்.

"மாப்ளயே வந்து இட்டுகினு போறேன்றாரு. நீ இன்னாதான் நெனச்சிகினு கீற?"

அத்தை தலை நிமிராமல் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். காபி குடித்தார். என் கன்னத்தைத் தட்டினார். பிறகு அத்தையைப் பார்த்து, "துணிய எடுத்துக்க. டிவிய நான் தூக்கிக்கிறேன். ஜல்தி, பஸ்ஸு போய்டும்" என்று குனிந்தார்.

அத்தை வேகமாக வந்து அவர் கை படுவதற்கு முன்னால் போர்வையை உருவினாள். டிவியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். ஜன்னலில் கிடந்த ஒயரை வெடுக்கென்று இழுத்து, பின்னால் செருகி, பிளக்கை மாட்டி, சுவிட்சைத் தட்டினாள். ஏதோ சோப்பு விளம்பரம் வீடு அதிரப் பாடியது.

"இது இங்கதான் ஓடும். நான் வரல."

"அண்ணன் வூட்ல எத்தினி நாளைக்குடி குந்திகினு துன்னுவ?" மாமா கையை ஓங்கினார்.

அப்பா எப்போது தறியை விட்டு எழுந்தார் என்று தெரியவில்லை. ஓங்கிய கையைப் பிடித்திருந்தார்.

"கைய எறக்குங்க மாப்ள. எறங்கி நடங்க."

மாமா போன பிறகும் அப்பாவின் கோபம் அடங்கவில்லை. ஸ்வீட் பாக்கெட்டைத் தெருவில் வீசினார். எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப்பட்டது. அத்தையிடம், "மானத்த வாங்கிட்ட" என்று கத்திவிட்டு, சாப்பிடாமல் வெளியே போனார். அடுப்பங்கரையில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அத்தை ரிமோட்டை என்னிடம் நீட்டினாள்.

"இத மொத நாளே போட்டுக்கலாம்ல அத்த?" என்றேன்.

அவள் கீழே கிடந்த போர்வையை எடுத்து மடித்தாள். நான் கார்ட்டூன் சேனலைத் தேடத் தொடங்கினேன். அவளுக்கு என்மேல் இருந்த கோபம் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.