நான் கட்டினால் ஏறும் பிரஷர்

போன வருஷம் ஆடி மாதம், திருப்போரூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். மகாபலிபுரத்து லாட்ஜ்களில்தான் அவருக்குச் சவாரி. பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். வீட்டிலேயே தினமும் பார்க்கச் சொன்னதால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மிஷின் வாங்கினோம்.

காலையில் அறைக்குள் போய் அவரே கட்டிப் பார்ப்பார். வெளியே வந்து, "நூத்தி இருபத்தாறு. நார்மலு" என்பார். எனக்கு நம்பிக்கை வராது. கருவாட்டை விட்டுவிட்டேன் என்பார். சட்டையில் வாசம் அடிக்கும். பின்மண்டை வலிக்கிறது என்று தைலம் தேய்க்கிறவருக்கு எப்படித் தினமும் நார்மல்? போதாததற்கு, நார்மல்தானே என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் கொடைக்கானலுக்கு ஒரு டிரிப் வேறு ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கட்டிலில் சாய்ந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நானே மிஷினைக் கட்டினேன். நூற்று எண்பத்திரண்டு!

"இன்னா இப்படி இறுக்கிக் கட்டிக்கினு கீற? அதான் ஏறுது" என்றார்.

"நான் கட்னா ஏறுது, நீங்க கட்னா எறங்குதா? இன்னா பண்றீங்க உள்ள போயி?"

அவர் கோபமாக மிஷினைப் பிடுங்கி, என் கண் முன்னாலேயே கட்டினார். நூற்று இருபத்தெட்டு. "டிரிப்பை நிறுத்தத்தான இந்த டிராமா? எந்தப் பட்டனை அமுக்குன?" என்றார். நான் அவரைச் சந்தேகப்பட, அவர் என்னைச் சந்தேகப்பட, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து மிஷினைச் சந்தேகப்பட்டோம். ஓட்டை மிஷினைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்குக் கிளம்பினோம்.

கடைக்காரர் எங்களையே சந்தேகமாகப் பார்த்தார். "கீழ போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தனக்குக் கட்டிப் பார்த்தார். எனக்கும் கட்டினார். எல்லாம் சரியாகவே காட்டியது. "மிஷின் நல்லாத்தான் கீது, அக்கா" என்று சொல்லிவிட்டு இவரைக் கை நீட்டச் சொன்னார். இவர் பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது கையால் பட்டனை அமுக்குவதால் அவர் எப்போதும் இடது கையில் கட்டுவார். நான் கட்டியபோது உட்கார்ந்திருந்தது அவருடைய வலது பக்கம்.

"அண்ணே, ரெண்டு கையிலயும் பாருங்க" என்றேன்.

இடது கையில் நூற்று இருபத்தாறு. வலது கையில் நூற்று எண்பது. கடைக்காரர் மறுபடியும் பார்த்தார், அப்படியேதான் இருந்தது. "இப்பவே டாக்டராண்ட காமிங்க" என்றார்.

செங்கல்பட்டில் டாக்டர் இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் நாடி பிடித்துப் பார்த்தார். "இடது கையைத் தூக்கி வேலை செஞ்சா வலிக்குமா? தலை சுத்துமா?" என்றார். இவர் என்னைப் பார்க்காமல், மெதுவாகத் தலையாட்டினார். வேன் மேல் பெட்டிகளைக் கட்டும்போது கை மரத்துப்போகுமாம். இரண்டு முறை தலை சுற்றி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். சொன்னால் வண்டி ஓட்ட விடமாட்டேன் என்று மறைத்திருக்கிறார்.

ஸ்கேனில் இடது கைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தது. அந்தக் கைக்கு ரத்தம் குறைவாகப் போனதால்தான் அங்கே நார்மல் மாதிரி காட்டியிருக்கிறது. அவருடைய உண்மையான பிரஷர் வலது கையில் இருந்ததுதான். மாத்திரையும் இல்லாமல், ஆள் நிறைந்த வண்டியோடு அவர் மலை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அடைப்பைச் சரிசெய்து, மாத்திரையோடு இப்போது நன்றாக இருக்கிறார். வண்டியும் ஓட்டுகிறார். என் சந்தேகம்தான் அவரைக் காப்பாற்றியது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வாய் வருவதில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற மனிதருக்கு, அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.