மாற்றியதையே மாற்றிய கம்ப்யூட்டர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதைப் பாதியில் விட்டவன், ஊரையே கிண்டல் பண்ணுகிறவன், பயந்துபோனேன் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. பழைய போனில் இருக்கும் பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் புதுப் போனில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்போம். அதற்கான புரோகிராமை விழுப்புரத்தில் இருக்கும் என் நண்பன் எழுதித் தந்திருந்தான். ஒரு ஃபோல்டரில் ஃபைலைப் போட்டால் தானே மாற்றி வேறு ஃபோல்டரில் வைக்கும், பழையதை அழித்துவிடும். இரண்டு இடத்தில் தேட முடியாது, ஒன்றாக்கு என்றார் முதலாளி. இரண்டு ஃபோல்டரையும் ஒன்றாக்கினேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு அக்கா மெமரி கார்டோடு வந்தார். கல்ஃபில் இறந்துபோன கணவரின் குரல் அதில் ஒரே ஒரு பதிவாக இருந்தது. மகள் கேட்க வேண்டுமாம். வேறு நகல் கிடையாது. கார்டைக் காலியாக்கி, மாற்றியதை அதில் ஏற்றிக் கொடுப்பது கடை வழக்கம் என்பதால், கட் பண்ணித்தான் ஃபோல்டரில் போட்டேன்.

மாற்றியது. தான் மாற்றியதையே புதிதாக வந்த ஃபைல் என்று எடுத்து மறுபடி மாற்றியது. பிறகு அதையும். ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன்.

"கேஸ மூடிட்டியா? புள்ளைய வெயில்ல அனுப்பாத."

அடுத்ததில் கேஸ் என்ற சொல் தேய்ந்திருந்தது. அதற்கடுத்ததில் வெயிலும் போயிற்று. நடுவே அவர் இழுத்த மூச்சு மட்டும் தேயாமல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"தூங்கறப்ப இப்பிடித்தான் மூச்சு விடுவாரு" என்றார் அக்கா.

நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கினால் இருக்கிற ஒன்றும் பாதியில் போய்விடும். நண்பனுக்கு போன் போட்டு, ஒன் புரோகிராமு பெத்த புள்ளையையே தின்னுது என்றேன். புரோகிராம் செய்த ஃபைலுக்கு ஓர் அடையாளம் போட்டு, அடையாளம் இருப்பதைத் தொடாத மாதிரி திருத்தி அனுப்புவதாகச் சொன்னான்.

போனை வைத்துத் திரும்பினால், நின்றிருந்தது. ஃபோல்டரில் ஒரே ஃபைல். திறந்தேன். கேஸ், பிள்ளை, வெயில், எல்லாம் இருந்தது. முதலில் கேட்டதைவிடத் தெளிவாக. மூச்சைத்தான் காணோம்.

"மூடிட்டேங்க" என்றார் அக்கா, ஸ்பீக்கரைப் பார்த்து.

அவர் கார்டை வாங்கிக்கொண்டு போனதும், பெரிய ஆளாயிட்டடா, ஒரு வேலைய உருப்படியா பண்ணிட்ட என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். பதில் வந்தது.

"கரண்டு வரட்டும்னு ஒக்காந்துகினு இருக்கேன், நான் இன்னும் எதையும் அனுப்பலடா."