கண்ணாடிப் பெட்டி மேலிருந்த சொல்

இன்று என் பெயரில் மூன்று லாரி ஓடுகிறது. அதற்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். இரண்டு மூட்டையை ஒரே நடையில் கொண்டுபோக என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தத் திமிரில்தான் இடது தோள் இறங்கியது. இனி பாரம் ஏற்றினால் கை விளங்காது என்று கட்டுப் போட்டவர் சொல்லிவிட்டார். சுதந்திரம் வந்த புதிது. கிடங்கில் பெட்டிகளுக்கு மார்க்கா போட ஆள் கேட்டார்கள். எட்டாவது பாஸ் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டேன். உண்மையில் மூன்றாவதோடு நின்றவன். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது.

வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. சீட்டில் இருக்கும் எழுத்தின் உருவத்தைப் பார்த்து, அதே போல் வெட்டிய தகட்டை எடுத்துப் பெட்டிமேல் வைத்து மை தடவ வேண்டும். எழுத்துகளுக்கு நானே பெயர் வைத்திருந்தேன்: கொக்கி, மண்வெட்டி, கால் நீட்டிய கிழவன். மூன்று வருடத்தில் என் மார்க்கா தப்பி ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

சாப்பாட்டு வேளையில் கிளார்க்குகள் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். பெரிய கிளார்க் சிலேட்டில் மூன்று எழுத்து எழுதுவார். அந்த மூன்றும் உள்ள இங்கிலீஷ் வார்த்தையை ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் கடல் பக்கம் நழுவிவிடுவேன். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. சர்க்கரை மூட்டை நனையுமென்று இரும்புக் கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டார்கள்.

"ஒரு ஆளு கம்மி. நீ எட்டாவதுதானே? வந்து உக்காரு" என்றார் பெரிய கிளார்க்.

"பசிக்குது சார்."

"எங்களுக்கு மட்டும் பசிக்கலியா? உக்காருப்பா."

சிலேட்டில் கிழவனும் கொக்கியும் மண்வெட்டியும். ஒருவர் 'கேர்ள்' என்றார். இன்னொருவர் 'ரெகுலர்' என்றார். என் முறை. தகரக் கூரைமேல் மழை கொட்டியது. கதவைப் பார்த்தேன், குறுக்குக் கம்பி போட்டிருந்தது.

"இன்னா நைனா, வாயில கொழுக்கட்டையா?" என்றார் 'கேர்ள்' சொன்னவர்.

வாயால் ஆகாது. பலப்பத்தை வாங்கி, ஆயிரம் தடவை மை தடவிய ஒரு வரிசையை அப்படியே எழுதினேன். மூன்று எழுத்தும் அதில் இருந்தன.

"பலே! இதுவும் ஏழெழுத்து! எங்க, படி" என்றார் பெரிய கிளார்க்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கண்ணாடி, சார்."

கண்ணாடிச் சாமான் பெட்டிமேல் நான் போடும் அந்த வரிசை 'ஃப்ரஜைல்', உடையக்கூடியது என்று பிறகுதான் தெரிந்தது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தானே ஒரு நீள வார்த்தையை எழுதி, "இது?" என்றார்.

"கிட்ட பீடி பத்த வெக்கக் கூடாது, சார்."

"எட்டாவது எந்த ஸ்கூல்டா?"

"இங்கதான் சார். பாடம் கப்பல்ல வந்துகினே கீதே."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, தோள் விண்ணென்று வலித்தது. அவர் சிலேட்டைத் துடைத்தார்.

"மார்க்கா ஒயுங்கா போடறே, அதான் வுடறேன். ஆனா தினம் மத்தியானம் நீ இங்கதான். மூணு எழுத்து குடுப்பேன். என்னிக்கு எழுத வரலியோ, அன்னிக்கே மூட்டைக்குப் போ."

அதற்குப் பிறகும் ஐந்து வருடம் அங்கே இருந்தேன். ஒரு நாள்கூடத் தோற்கவில்லை. அந்த ஐந்து வருடமும் மத்தியானக் கடல் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது.

அன்று மழை விட்டதும் கதவைத் திறந்தார்கள். காசிமேட்டு மீன் வாடையோடு காற்று உள்ளே வந்தது. எல்லோரும் வெளியே போனார்கள். நாளைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தேடி நான் பெட்டி வரிசைகளுக்குள் நுழைந்து, அடிப்பெட்டிகளில் எழுதியிருந்ததைப் பார்ப்பதற்காகத் தரையில் படுத்தேன்.