குடிக்காமல் வைத்த தண்ணீர்

சபை ஊழியருக்கான பயிற்சி இல்லத்தில் உபவாசத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. உபவாசத்தை வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது வேதவாக்கு. ஆகவே, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்படி நடந்துகொண்டேன். அந்த வித்தையிலும் நான் கெட்டிக்காரன்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இரண்டு வருடப் படிப்பு முடிகிற நேரம் ஒவ்வொருவரையும் ஒரு ஊருக்கு அனுப்புவார்கள். இரண்டு மாதத்துக்குள் அங்கே ஒரு செபக்கூட்டத்தை நிலைநிறுத்த வேண்டும். அந்தப் பகுதிச் சபை மூப்பர் நல்லபடி எழுதினால் ஊழியத்துக்கு எடுப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்பாவோடு சண்டை பிடித்து அரசாங்க வேலையை உதறிவிட்டு வந்தவன் நான். திரும்பிப் போக எனக்கு முகமில்லை.

எனக்குக் கிடைத்தது நாரந்தனைக்கு அப்பால், பனையேறும் குடும்பங்கள் இருந்த ஒரு சின்னக் குடியிருப்பு. படிப்பித்தபடி எல்லாரையும் அண்ணை, அக்கா என்று கூப்பிட்டேன். என் சாதிக்காரன் வாயில் அந்தச் சொல் வந்ததே அவர்களுக்கு அதிசயம். முதல் இரண்டு கிழமையும் பத்துப் பதினைந்து பேர் கூட்டத்துக்கு வந்தார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நெருப்பு வெயில். கூட்டத்துக்குத் தன் முற்றத்தைத் தந்திருந்த பெண் என்னைக் கதிரையில் இருத்தி, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "வேண்டாம் அக்கா" என்று சிரித்தபடி செம்பைத் தள்ளிவைத்தேன். காரணம் கர்த்தருக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. சாத்தானின் சோதனை என்று முடிவுகட்டி, செவ்வாய்க்கிழமையும் சேர்த்து உபவாசம் இருந்தேன். புத்தி அவ்வளவுதான்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டேன். அவர் பனையோலைக் கடகம் இழைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்கட வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஏலாது எண்டால், எங்கட முத்தத்திலை செபம் மட்டும் எப்பிடி ஏலும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குடியிருப்பின் கிணறுகள் எல்லாம் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது சபை மூப்பரின் வளவுக்குள். அதில் இவர்கள் வாளி போடக்கூடாது. யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு வேலிக்கு வெளியே நிற்கவேண்டும். எனக்குத் தெரியாத சங்கதியா? எங்கள் வீட்டுக் கிணற்றிலும் அதுதான் வழக்கம்.

"ஐயோ அக்கா, அண்டைக்கு நான் உபவாசம்."

"சரி. உபவாசம் இல்லாட்டில் குடிச்சிருப்பீங்களோ?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. முதல் நாளிலிருந்தே அந்தக் குடியிருப்புக்கு நான் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டு போய்வந்தேன். தூரம், வெயில் என்று எனக்கே நியாயம் சொல்லி வைத்திருந்தேன்.

"இல்லை அக்கா. குடிச்சிருக்க மாட்டன்." வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

அவர் கடகத்தைக் கீழே வைத்தார். பிறகு எழும்பிக் குடத்தை எடுத்தார். "எனக்குத் தண்ணிக்கு நேரமாகுது." நானும் இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், வேலிக்கு வெளியே அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

மூப்பர் வேலிப் படலையடிக்கு வந்தார். "தம்பி, நீர் ஏன் வெளியிலை நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும். உம்மைப்பற்றித்தான் எழுத இருக்கிறன்."

"எழுதுங்கோ ஐயா. நாங்கள் ரெண்டு பேரும் தண்ணிக்கு வந்தனாங்கள்" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். பொழுதுபடும்வரை எங்களுக்கு ஒருவரும் ஊற்றவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பும் வழியில் அந்தப் பெண், "ஞாயிற்றுக்கிழமை முத்தத்தைக் கூட்டி வைக்கிறன், வாங்கோ" என்றார்.

மூப்பர் எழுதினார். ஊழியத்துக்கு என்னை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டத்துக்குப் போனேன்.